கடற்கரைத் திருவிழாவுக்குக் கிளம்புமுன்: நாவலூர்வாசிகளுக்குச் சில குறிப்புகள்

திருவிழா பார்க்க வெளிநாட்டுத் தீவுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் நம் அடுக்ககங்களில் பெருகிவிட்டார்கள். போய் வரட்டும். ஆனால் முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை நம் பக்கத்துக் கடற்கரையிலேயே ஆண்டு முழுக்க விழா நடக்கிறது. அவற்றையும் ஒருமுறை குடும்பத்தோடு பார்த்துவிட வேண்டும்.

1. தினசரிக் காலண்டர் வீட்டுக்கு வந்ததும் மாசி மகம், ஆடிக் கிருத்திகை, சூரசம்ஹாரம் வரும் தாள்களின் ஓரத்தை மடித்து வையுங்கள். போன ஆண்டுத் தேதியை நம்பி லீவு போடாதீர்கள். மாசி மகம் 2024-ல் பிப்ரவரி 24 அன்று வந்தது. 2025-ல் மார்ச் 12.

2. மாமல்லபுரம் என்றதும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. நம் ஓ.எம்.ஆரே கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் பூஞ்சேரியில் கொண்டு விடும். அங்கிருந்து ஊர் பக்கம்தான். விழா நாளில் வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது.

3. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போகிறவர்கள் பொழுது விடியுமுன் அங்கே இருக்க வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர் குடும்பங்கள் முன்னதாகவே வந்து, கடற்கரைக் கோயில் அருகே மணலில் கழி நட்டு, சேலையும் தார்ப்பாயும் கட்டிக் குடில் போட்டுத் தங்குகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போன கன்னியம்மனை அழைத்து வணங்குகிற நாள் அது. ஈர மணலில் படி கட்டி, பூ, பழம், தேங்காய் வைத்துப் படைப்பார்கள். மொட்டை, காதுகுத்து, பெண் பார்ப்பது, தாலி கட்டுவது எல்லாம் அந்த விடியலில் அங்கேயே நடக்கும். அது அவர்கள் வீட்டுக் கல்யாணம், அவர்கள் குலதெய்வம். படைத்த படியைத் தாண்டிப் போகாதீர்கள். குளிக்கிற பெண்களைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். மற்றபடி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்தால் சிரித்த முகமாக நிற்பார்கள். தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எழுந்தருளுவதும் அன்றுதான்; இருந்து சேவித்துவிட்டு வாருங்கள். பனிக்குத் தலையில் கட்டத் துண்டும், ஆளுக்கொரு டார்ச்சும் அவசியம்.

4. கட்டுச்சோற்றுக்குத் தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம், வெயிலில் ஊசிவிடும். நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை தாங்கும். தயிர்சாதம் என்றால் சோற்றைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, இரண்டே கரண்டி தயிர் விட்டுப் பிசையுங்கள். மதியம் பிரிக்கும்போது புளிப்பு ஏறாமல் இருக்கும். சாப்பிட்ட இலையும் தண்ணீர் பாட்டிலும் நம் பையிலேயே வீட்டுக்குத் திரும்பட்டும்.

5. திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இரண்டு மாலை கொண்டுபோய்ச் சாத்தி, ஒன்றைத் திரும்பப் பெற்றுக் கழுத்தில் போட்டபடி ஒன்பது சுற்று வருவார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் தம்பதியாகத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். இங்கேதான் பலர் தவிக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையில் மூடினால் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும். காற்றோட்டமான இடத்தில், வெயில் படாத ஆணியில் தொங்கவிட்டுச் சருகாகக் காயவிடுங்கள். பிறகு துணிப்பையில் போட்டு, நன்றாகக் காய்ந்த வேப்பிலை ஒரு பிடி சேர்த்து வையுங்கள், பூச்சி வராது. உதிர்ந்த பூவும் அதே பையிலேயே இருக்கட்டும்.

6. காலில் ஒட்டிய மணலை ஈரத்தோடு தட்டாதீர்கள். துடைத்துவிட்டு டால்கம் பவுடர் தூவித் தேய்த்தால் உதிர்ந்துவிடும். கடலில் நனைந்த துணியை வந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுத்தான் சோப்பு போட வேண்டும். வெள்ளிக் கொலுசு, ஜரிகைச் சேலை இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

7. மாமல்லபுரக் கடலுக்கு இழுப்பு அதிகம். முழங்காலுக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம். குழந்தைகளின் முன்கையில் உங்கள் செல் நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிடுங்கள்.

8. திருப்போரூர் கந்தசுவாமிக்கு மாசியில் பிரம்மோற்சவம். தேர் நாளில் கைக்குழந்தையோடு மாடவீதிக்குள் நெருக்காமல், தேர் நிலைக்கு வந்தபின் போங்கள். மூலவர் பனைமரத்தாலானவர் என்பதால் அவருக்கு அபிஷேகம் கிடையாது. பால்குடம் எடுக்க நினைப்பவர்கள் முறையைக் கோயிலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

9. கோவளத்துக் கார்மேல் மாதா திருநாள் ஜூலை 16. அப்படியே முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தையும் பார்க்க நினைத்தால், அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

10. மாமல்லபுரம் நாட்டிய விழா டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் நடக்கும். திறந்தவெளி, கடல்காற்று; பெரியவர்களுக்குக் காதை மூட ஒரு மஃப்ளர், பிளாஸ்கில் சுக்குக் காபி.

11. வெளிநாட்டுத் தீவுதான், தாய்லாந்தின் புக்கெட்டுக்குப் போயே தீருவேன் என்கிற சைவக்காரர்கள், சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் நடக்கும் சைவ உணவுத் திருவிழாவைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் வரும். அப்போது மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் மாமிசம் மட்டுமில்லை, மீன் சாறு, வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். கோயில் பக்கம் போகும்போது வெள்ளை உடுப்பு வழக்கம். ஒரு வெள்ளைச் சட்டை எடுத்துவையுங்கள்.