வாணத்தின் உயரமும் வெடிக்கும் நேரமும்

திருவிழாக் காலங்களில் வானில் பூவாய் விரியும் வாணங்களைக் கண்டு மகிழாதார் இலர். ஆயினும் வாணம் எவ்வளவு உயரம் செல்கிறது, எந்தக் கணத்தில் அது வெடிக்கவேண்டும் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. காட்சியின் அழகும் காண்போரின் பாதுகாப்பும் இவ்விரண்டையே சார்ந்துள்ளன.

வாணக் குண்டு, செங்குத்தாக நிறுத்தப்பட்ட குழலிலிருந்து ஏவப்படுகிறது. குழலின் அடியில் வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவை கலந்த மருந்து உள்ளது. அது எரிந்து வாயுவாகிக் குண்டை மேலே தள்ளுகிறது. அதே தீ, குண்டிலுள்ள தாமதத் திரியையும் பற்றவைக்கிறது. திரி எரிந்து முடிந்ததும் குண்டு வெடித்து, ஒளிமணிகள் எப்புறமும் சிதறுகின்றன. ஆகவே குண்டு எட்டும் உயரம் ஏவும் மருந்தைப் பொறுத்தது; வெடிக்கும் நேரம் திரியைப் பொறுத்தது.

அமெரிக்காவில் பொழுதுபோக்காக வாணம் விடுவோரிடையே எளிய கணக்கொன்று வழங்குகிறது. குண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்திற்கு 100 அடி உயரம் என்பது அது. இதன்படி 3 அங்குலக் குண்டு சுமார் 90 மீட்டரும், 6 அங்குலக் குண்டு சுமார் 180 மீட்டரும் எழும். இது தோராயமான மதிப்பேயாகும்.

குண்டு தன் பாதையின் உச்சியில் வெடிப்பதே சிறப்பு. அங்கு அதன் வேகம் ஏறத்தாழ இல்லாமற் போவதால், ஒளிமணிகள் எல்லாத் திசைகளிலும் சமமாக விரிகின்றன. குண்டு ஏறும்போதோ இறங்கும்போதோ வெடித்தால், அதன் வேகம் மணிகளுக்கும் சேர்ந்து, பூ முழுவதும் அத்திசையில் நகர்ந்துவிடும்.

திரி சற்றே தாமதித்தால் என்ன நேரும்? காற்றின் தடையை நீக்கிக் கணக்கிடுவோம். உச்சியிலிருந்து குண்டு அரை வினாடியில் 1.2 மீட்டரும், 1 வினாடியில் 4.9 மீட்டரும், 2 வினாடியில் 19.6 மீட்டரும், 4 வினாடியில் 78 மீட்டரும் விழும். தாமதம் இரு மடங்கானால் வீழ்ச்சி நான்கு மடங்காவதைக் காண்க. அரை வினாடிப் பிழை கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் 90 மீட்டர் எழுந்த குண்டு 4 வினாடி தாமதித்தால், தரைக்கு மேல் 12 மீட்டர் உயரத்தில் வெடிக்கும். காற்றின் தடை இவ்வீழ்ச்சியைச் சற்று மெதுவாக்குமேயன்றி, அபாயத்தை நீக்காது.

உயரத்தை அளக்க ஒலியைத் துணைகொள்ளலாம். குழலிலிருந்து 120 மீட்டர் தொலைவில் நிற்பவர், ஒளியைக் கண்டு 0.44 வினாடி கழித்து வெடியோசையைக் கேட்கிறார் எனக் கொள்வோம். ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் செல்வதால், குண்டு அவரிடமிருந்து 150 மீட்டர் தொலைவில் வெடித்துள்ளது. செங்கோண முக்கோண விதிப்படி உயரம் 90 மீட்டர். ஆனால் கடிகாரத்தில் பத்தில் ஒரு வினாடி பிழைத்தாலும் தொலைவு 34 மீட்டர் மாறிவிடும். எனவே கோணமானியில் தூக்குநூல் கட்டி, வெடிக்கும் புள்ளியின் ஏற்றக்கோணத்தை அளப்பதே நன்று. மேற்கூறிய எடுத்துக்காட்டில் அக்கோணம் சுமார் 37 பாகையாகும்.

இக்கணக்குகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. 2016 ஏப்ரல் 10 அன்று கேரளத்தின் கொல்லம் மாவட்டம் பரவூரில், புற்றிங்கல் கோயில் வாணவேடிக்கையின்போது வாணமொன்று வெடிமருந்துக் கிடங்கின்மீது விழுந்து தீப்பற்றியதில், நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எரியும் பொருள் எங்கு விழக்கூடுமோ, அங்கு மக்களும் மருந்தும் இருத்தல் ஆகாது என்பதே இதன் பாடம்.

வெடிபொருள் விதிகள், 2008-இன்படி பொதுக் காட்சிக்கு வாணங்களை வைத்திருக்கவும் பயன்படுத்தவும் உரிமம் தேவை. ஏவிய குண்டு வெடிக்காமல் விழுந்தால், அதனை அணுகுதல் கூடாது. பயிற்சி பெற்றோரிடமே அப்பணியை விடவேண்டும். காண்போர் தொலைவில் நின்று அளந்து பார்ப்பதே அறிவும் இன்பமும் ஒருங்கே தருவதாகும்.