போர்ட் திறந்ததும் பூஜ்யமாகும் மழை

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையத்தை அடுத்த 46 அடி கோமுகி அணையில் சேர்வதால், மேலே எவ்வளவு பெய்தது என்று விடுபடாமல் அறிவது கீழே நெல்லும் கரும்பும் பயிரிடுவோருக்கு நேரடியாகப் பயன்படும். இதற்கு ஆர்டுயினோ ஊனோ போர்டையும் பழைய மடிக்கணினியையும் யூ.எஸ்.பி. கேபிளால் இணைத்துக் கணக்கை அங்கேயே சேமிப்பதுதான் சரியான வழி. இதைப் பழம்பாணி என்று ஒதுக்குவோர், வடகிழக்குப் பருவமழையில் மலைமேல் கைபேசி சிக்னல் அறுந்துபோகும் நேரங்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வமைப்பின் உணரி, அதாவது சென்சார், ஒரு கவிழ்கிண்ண மழைமானியாகும், 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை கிண்ணம் கவிழ, அதிலுள்ள காந்தம் ரீட் ஸ்விட்சைக் கடக்க, மைக்ரோகண்ட்ரோலர் அதை ஒன்று எனக் கூட்டி, பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்பும் தொடர்நிலை முறையில், அதாவது சீரியல் முறையில், கணினிக்குச் சொல்கிறது. இருபுறமும் 9600 என ஒரே பாட் வேகம், சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிளாக இல்லாமை, சி.எச்.340 சில்லுக்கான டிரைவர், லினக்ஸில் 'டயல்அவுட்' குழு அனுமதி, ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டரை மூடிவைத்தல் ஆகியவற்றைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் போதும்.

உண்மையான இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சீரியல் போர்ட்டை, அதாவது கணினி போர்டோடு பேசும் வாயிலை, திறந்து, ஒரு வரி படித்து, மூடிவிடும்படி கணினி நிரலை எழுதுவது சிக்கனமாகத் தோன்றினாலும், போர்ட் திறக்கும்போது கணினி டி.டி.ஆர். என்னும் சைகைக் கம்பியின் நிலையை மாற்றுகிறது, அது 0.1 மைக்ரோஃபேரட் மின்தேக்கி வழியாக ஊனோவின் ரீசெட் முனையைத் தொடுவதால் மைக்ரோகண்ட்ரோலர் புதிதாகத் தொடங்கி, ராமில் வைத்திருந்த மழைக்கணக்கைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. புதிய நிரலைப் பொத்தான் அழுத்தாமல் ஏற்றுவதற்காக வைக்கப்பட்ட இவ்வசதியே மழையை அழிக்கிறது. சீரியல் மானிட்டரைத் திறந்தாலும் இதுவே நிகழும். ஆனால் சோதனையைப் பூஜ்யத்தில் தொடங்குவது இயல்பாகத் தோன்றுவதாலும், மானிட்டர் பிறகு திறந்தபடியே இருப்பதாலும், ஊற்றிய நீருக்கேற்ப எண் ஒழுங்காக ஏறி, எல்லாம் சரி என்ற பொய்யான உறுதியைத் தருகிறது.

ஒரு பருவமழை முழுதும் பூஜ்யங்களையே சேமித்த மழைமானியைப் பழுதுபார்த்த அனுபவத்திலிருந்து இது எழுதப்படுகிறது. அப்போது கிடைத்த அறிவுரைகள் சென்சாரை மாற்றச் சொல்லின. கேபிளை மாற்றச் சொல்லின. மலிவுப் போர்டை எறிந்துவிட்டு ஒரிஜினல் வாங்கச் சொல்லின. ஒரிஜினல் ஊனோவும் இதே டி.டி.ஆர். இணைப்பைக் கொண்டது என்பதைச் சொல்வார் இல்லை. பொருளை விற்பவரிடம் பழுதின் காரணத்தைக் கேட்பதைவிட, போர்டின் மின்சுற்று வரைபடத்தை ஒருமுறை பார்ப்பது மேலானது.

தீர்வுகளுள் முதன்மையானது, நிரல் தொடங்கும்போது போர்ட்டை ஒரேமுறை திறந்து, திறந்தபடியே வைத்திருப்பதாகும். திறந்தபின் பூட்லோடர், அதாவது தொடக்க நிரல், ஓரிரு விநாடி இயங்குவதால், அதற்குள் அனுப்பும் கட்டளைகள் தொலைந்துபோகும் என்பதை மனத்தில் கொண்டு காத்திருக்க வேண்டும். ரீசெட் முனைக்கும் தரைமுனைக்கும் இடையில் 10 மைக்ரோஃபேரட் மின்தேக்கி வைப்பதும் உதவும், ஆனால் நிரல் ஏற்றும்போது அதைக் கழற்ற வேண்டும். மின்தடை அடிக்கடி நேரும் இடங்களில் இவ்விரண்டும் போதா. மின்சாரம் நின்றாலும் அழியாத ஈ.ஈ.பி.ராம் நினைவகத்தில் ஒவ்வொரு கவிழ்வையும் எழுதியே தீர வேண்டும். அது 1,00,000 முறை எழுதுவதைத் தாங்கும் என்ற வரம்பைக் காட்டி இதைத் தடுப்போர், அத்தனை கவிழ்வுகள் 20,000 மி.மீ. மழைக்குச் சமம், அதாவது கல்வராயனுக்குப் பல ஆண்டுகளின் மழை என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

சரிபார்க்கும் முறை எளிது. 20 செ.மீ. விட்டமுள்ள புனலில் 0.2 மி.மீ. மழை என்பது ஏறத்தாழ 6.28 மி.லி. நீர், ஆகவே 628 மி.லி. நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பாதியில் கணினி நிரலை வேண்டுமென்றே மூடித் திறந்து, போர்டின் கேபிளையும் ஒருமுறை பிடுங்கிச் செருகிய பிறகு, கோப்பில் 100-ஐ ஒட்டிய எண் நின்றால் மட்டுமே மழைமானியைக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏற்ற வேண்டும்.