கொடி பிடிக்க மட்டும் பெண்களா?

கேள்வி: எங்கள் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சங்க நிர்வாகிகளோ ஆண்கள். பெண்கள் கூட்டத்துக்கே வருவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், சிதறால்

பதில்: ஆர்வமில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2015 செப்டம்பரில் மூணாறில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததும் சாலையை மறித்து உட்கார்ந்தவர்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்தான். சங்கத் தலைவர்களை அண்டவிடாமல் நின்று, பழைய அளவுக்கே தொகையை வாங்கினார்கள். சந்தா கட்டியும் பேச்சுவார்த்தை மேசையில் இடமில்லை என்ற கோபத்தில் பிறந்தது ‘பெண்பிள்ளை ஒருமை’ என்ற அவர்களின் அமைப்பு. பின்னாளில் அது பிளவுபட்டது உண்மைதான். ஆண்கள் நடத்தும் சங்கங்கள் பிளவுபட்டதே இல்லையா என்ன?

பெண்களுக்குத் தனி இடம் கொடுத்தால் சங்கம் உடையும் என்பார்கள். அகமதாபாத்தில் ஜவுளித் தொழிலாளர் சங்கத்துக்குள்ளிருந்து 1972இல் உருவானது ‘சேவா’ என்ற பெண்கள் சங்கம். 1981இல் அதை வெளியேற்றியது தாய்ச்சங்கம். பெண்களாகப் பிரிந்து போகவில்லை. அனுபவம் போதாது என்பது இன்னொரு வாதம். பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் போகாமல் அனுபவம் எங்கிருந்து வரும்? கூட்டத்துக்கு வராததற்கும் காரணம் உண்டு. நாள் முழுக்கத் தோடு உடைத்து, முந்திரி எண்ணெய் பட்டு விரல் பொத்துப்போனவளை ராத்திரி ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அடுப்பை யார் பார்ப்பது? வேலை விடும் நேரத்தில் ஆலை வாசலிலேயே அரைமணி நேரம் கூடுங்கள். உடைப்பவர், தொலி உரிப்பவர், தரம் பிரிப்பவர் என ஒவ்வொரு பிரிவும் தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கட்டும். முதல் கூட்டத்தில் எடை பற்றிப் பேசுங்கள்: கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்குத் தராசைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.