ஒரு வெளிச்சத்துக்கு ஒரு எடிட்

கேள்வி: நான் திருமணங்களுக்குப் படம் எடுப்பவன். ஒரு கல்யாணம் முடிந்தால் ஆயிரத்துக்கும் மேல் ரா படங்கள் சேர்ந்துவிடுகின்றன. லைட்ரூமில் ஒரு படத்தை நன்றாக எடிட் செய்து, மற்ற எல்லாவற்றுக்கும் 'சிங்க்' கொடுக்கிறேன். சில படங்கள் அழகாக வருகின்றன. சிலவற்றில் முகம் மஞ்சளாகிறது, சிலவற்றில் வெளுத்துப்போகிறது. தாலி கட்டும்போது தொடர்ந்து எடுத்த படங்களில்கூட ஒன்றுக்கொன்று நிறம் மாறுகிறது. எங்கே தவறுகிறேன் சார்?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிங்க் செய்வதில் தவறில்லை. எந்தப் படங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். ஒரு கல்யாணம் முழுக்க ஒரே வெளிச்சத்தில் நடப்பதில்லை. வாசலில் காலை வெயில், மணவறையில் வீடியோ லைட்டும் மண்டபத்து விளக்கும் கலந்த வெளிச்சம், பந்தியில் டியூப் லைட், மாலை ரிசப்ஷனில் வண்ண எல்இடி. சடங்கு வாரியாகப் பிரிக்காமல் வெளிச்சம் வாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு படத்தை எடிட் செய்து, அந்தக் கூட்டத்துக்குள் மட்டும் சிங்க் கொடுங்கள். எடிட் எல்லாம் தனிக் குறிப்பாகவே சேமிக்கப்படும், ரா ஃபைல் மாறாது. அதனால் தயங்காமல் செய்து பார்க்கலாம்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ். பலரும் கவனிக்காத இடம் இதுதான். மாதிரிப் படத்தில் அது 'ஆஸ் ஷாட்' என்று இருக்கும்போது சிங்க் கொடுத்தால், எண் காப்பி ஆகாது. ஒவ்வொரு படமும் அந்தந்த நொடியில் கேமரா எழுதிவைத்த அளவையே எடுத்துக்கொள்ளும். கேமரா ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் இருந்திருந்தால் அந்த அளவு படத்துக்குப் படம் மாறும். மணப்பெண்ணின் சிவப்புக் கூறைப்புடவை ஃபிரேமை நிறைத்தால் ஒரு கணக்கு, பின்னால் வெள்ளைச் சுவர் வந்தால் வேறு கணக்கு. 'ஆட்டோ' என்று தேர்ந்தெடுத்திருந்தாலும் இதே கதைதான். லைட்ரூம் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடும். ஆகவே மாதிரிப் படத்தில் டெம்பரேச்சர், டின்ட் ஸ்லைடர்களை நீங்களே நகர்த்தி 'கஸ்டம்' ஆக்குங்கள். அப்போதுதான் ஒரே கெல்வின் எண் கூட்டம் முழுவதற்கும் போகும். மணவறையில் ஒரு கிரே கார்டைப் பிடித்து ஒரு படம் எடுத்துவைத்திருந்தால் அந்த எண்ணைத் தேடவும் வேண்டாம், ஐட்ராப்பரை அதில் வைத்தால் போதும்.

எக்ஸ்போஷரைச் சிங்க் பட்டியலில் டிக் செய்யாதீர்கள். அபெர்ச்சர் பிரயாரிட்டியில் எடுத்திருந்தால் படத்துக்குப் படம் வெளிச்ச அளவு மாறியிருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே அரை ஸ்டாப்பைக் கூட்டினால் அந்த வேறுபாடு அப்படியே நிற்கும். டெவலப் பகுதியின் செட்டிங்ஸ் மெனுவில் 'மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்' இருக்கிறது. ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ ஆகியவற்றைப் படித்து, மாதிரிப் படத்தோடு மற்றவற்றைச் சமன்செய்யும். விளக்கு மாறாத இடத்தில் அருமையாக வேலை செய்யும். ஃபிளாஷின் பலம் அந்தக் கணக்கில் வராது என்பதால் ஃபிளாஷ் படங்களுக்கு நம்பவேண்டாம்.

கிராப், ஹீலிங், பிரஷ்ஷால் வரைந்த மாஸ்க் மூன்றும் அந்தந்தப் படத்துக்கே உரியவை. பிரஷ் மாஸ்க் அதே இடத்தில் போய் உட்காரும். முகம் நகர்ந்திருந்தால் தோரணத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். 'செலக்ட் சப்ஜெக்ட்' போன்ற ஏஐ மாஸ்க்கைத் தாராளமாகக் காப்பி செய்யலாம், ஒவ்வொரு படத்திலும் ஆளைப் புதிதாகத் தேடிக்கொள்ளும். ஓமப் புகைக்காக ஏற்றிய டீஹேஸையும் புகையுள்ள படங்களோடு நிறுத்துங்கள். புகை இல்லாத படத்தில் அது தோலைக் கறுக்கவைத்துவிடும்.

இனி தாலி கட்டும் நேரம். அங்கே நடப்பது எடிட்டிங் பிழையே அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் டியூப் லைட்டும் மலிவான எல்இடிகள் பலவும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன, கண்ணுக்குத் தெரியாது. 1/500 நொடியில் எடுத்தால் ஒரு படம் உச்சியிலும் அடுத்தது பள்ளத்திலும் விழும். நிறமும் வெளிச்சமும் மாறும், சிலவற்றில் பட்டையே தெரியும். இதைச் சிங்க்கால் சரிசெய்யவே முடியாது, ஒவ்வொன்றாகத்தான் திருத்தவேண்டும். எடுக்கும்போதே ஷட்டரை 1/100-இல் வையுங்கள். அட்சதை கோடுகோடாக விழும், விழட்டும். முகங்களின் நிறம் நிலையாக இருப்பதுதான் அந்த நேரத்தில் முக்கியம். கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

ரிசப்ஷன் மேடையின் ஊதா, நீல எல்இடியை ஒயிட் பேலன்ஸால் வெல்ல முயலாதீர்கள். அந்த விளக்கில் தோலின் இயல்பு நிறத்தைக் காட்டும் வெளிச்சமே இல்லை. முகத்துக்குத் தனியாக ஃபிளாஷ் கொடுங்கள். அதைத் தவறவிட்ட படங்களில் மேடை நிறத்தை அப்படியே விடுங்கள், அல்லது கறுப்பு வெள்ளையாக்குங்கள்.

உதவியாளர் வேறு கம்பெனி கேமராவில் எடுத்திருந்தால் அவர் படங்கள் தனிக் கூட்டம். ஒரே கெல்வின் எண் இரண்டு சென்ஸார்களில் ஒரே தோல் நிறத்தைத் தராது. ஆட்டோ சிங்க்கில் வேலை செய்கிறவர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: திரையில் ஒரு படம்தான் பெரிதாகத் தெரியும், கீழே ஃபிலிம்ஸ்டிரிப்பில் நூறு படங்கள் தேர்வாகியிருக்கலாம். நீங்கள் நகர்த்தும் ஒவ்வொரு ஸ்லைடரும் நூறிலும் நகரும். கூட்டம் முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

மாதச் சந்தா சுமையாக இருந்தால் டார்க்டேபிள், ரா தெரப்பி இரண்டும் இலவசம். இரண்டிலும் ஒரு படத்தின் செட்டிங்குகளில் வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவற்றுக்கு ஒட்டலாம். பிரிக்கும் முறை அங்கேயும் இதேதான்.