கைத்திறனே முதலீடு

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பது பழமொழி. ஆனால் நம் வட்டாரத்து இருளர் மக்களுக்கோ பாம்பே பிழைப்பாயிருந்தது. பாம்பைப் பிடித்துத் தோலை வியாபாரிகளுக்கு விற்று வாழ்ந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்தின. சட்டம் நல்லதே, ஆயினும் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது எப்படி?

முதல் போட அவர்களிடம் பணமில்லை. தலைமுறையாக வந்த கைத்திறன் இருந்தது. பாம்புக்கடி மருந்து செய்யவோ பாம்பின் நஞ்சு தேவை. இவ்விரண்டையும் இணைத்தது, 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். ரோமுலஸ் விட்டேகர் துணைநின்றார். திருப்போரூரை அடுத்த கடற்கரையூரான வடநெம்மேலியின் முதலைப் பண்ணையில் இடம் கிடைத்தது. வனத்துறை அனுமதி தந்தது. மருந்து நிறுவனங்கள் நஞ்சை வாங்கின.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, மண்பானைகளில் சில வாரம் வைத்து நஞ்செடுத்தபின், அடையாளமிட்டு மீண்டும் வெளியில் விடுகின்றனர். பாம்பும் பிழைக்கிறது, மனிதரும் பிழைக்கின்றனர்.

சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா சென்று மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

எனினும் அனுமதி தாமதித்தால் இவர்கள் வருமானம் நின்றுவிடும். இடம், அனுமதி, வாங்குவோர் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் திறமை வீணாகும்.

தோழியரே! பிறருக்கு உதவ எண்ணும்போது, "என்ன கொடுக்கலாம்?" என்பதோடு நில்லாமல், "இவர்களிடம் என்ன திறமை உள்ளது? அதை யாரோடு இணைக்கலாம்?" என்றும் கேட்போமாக!