வாகனத் துவக்கத்தில் மீமின்தேக்கியின் பங்கு

மோட்டார் வாகனத்தின் பாட்டரி இருவேறு பணிகளை ஆற்றுகிறது. எஞ்சின் ஓடாத வேளையில் விளக்கு, கடிகாரம் முதலியவற்றுக்குச் சிறிதளவு மின்னோட்டத்தை நெடுநேரம் வழங்குவது ஒன்று. துவக்கி மோட்டாருக்கு இரண்டொரு நொடிகள் மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அளிப்பது மற்றொன்று. கடுங்குளிரில் இந்த இரண்டாவது பணி மிகக் கடினமாகிறது. உறைநிலைக்குக் கீழே 20 பாகையில், காரீய-அமிலப் பாட்டரியின் வேதிவினை மந்தமடைந்து, அதன் திறன் பாதிக்கும் கீழாகக் குறையக்கூடும். அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்பட்டு, கூடுதல் விசையைக் கோருகிறது. லடாக்கின் திராஸ் போன்ற இடங்களில் நோயாளர் ஊர்தி ஒன்று உரிய நேரத்தில் புறப்படுவது இதனைப் பொறுத்ததாகும்.

செயற்படும் முறை

சூப்பர் கெபாசிட்டர் எனப்படும் மீமின்தேக்கி, வேதிவினையின்றி, நுண்துளைகள் நிறைந்த கரியின் பரப்பில் மின்னூட்டத்தைத் தேக்குகிறது. ஆகவே அது குளிரிலும் விரைந்து மின்னோட்டம் தரும். இத்தகைய சாதனத்திற்கு அமெரிக்காவில் 1957-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. பிரான்சின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 2010-இல் அறிமுகப்படுத்திய ஈ-எச்டிஐ கார்களில், நின்ற எஞ்சினை மீண்டும் இயக்க இது பயன்பட்டது.

ஒரு கலம் ஏறத்தாழ 2.7 வோல்ட் மட்டுமே தாங்குமாதலால், ஆறு கலங்கள் தொடரிணைப்பில் அமைக்கப்படுகின்றன. 3,000 ஃபாரட் கலங்கள் ஆறு சேர்ந்தால் 500 ஃபாரட் கிடைக்கும். இத்தொகுதி பாட்டரியுடன் பக்க இணைப்பில் சேர்க்கப்படும்போது, அதன் அகமின்தடை குறைவாக இருப்பதால், துவக்க மின்னோட்டத்தின் பெரும்பகுதியை அதுவே ஏற்கிறது.

கணக்கு காட்டும் உண்மை

10 வோல்ட்டில் 150 ஆம்பியர், 2 நொடிகள் எனில், ஒரு துவக்கத்திற்கு 3,000 ஜூல் செலவாகும். மேற்கூறிய தொகுதி 12.6 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட் வரை இறங்குகையில் சுமார் 19,000 ஜூல் தரும். துவக்கத்திற்கு இது தாராளம். ஆயினும் அதன் மொத்தச் சேமிப்பு, 45 ஆம்பியர்-மணிப் பாட்டரியினுடையதில் ஐம்பதில் ஒரு பங்கே. நிறுத்திய வாகனம் 50 மில்லி ஆம்பியர் மட்டும் எடுத்தாலும், மீமின்தேக்கி தனித்திருப்பின், பத்து மணி நேரத்தில் 9 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். எனவே அது பாட்டரிக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

கவனிக்க வேண்டியவை

மின்னேற்றமில்லாத மீமின்தேக்கியைப் பாட்டரியுடன் நேரடியாக இணைத்தால் மிகப்பெரும் மின்னோட்டம் பாயும். முதலில் மின்தடை ஒன்றின் வழியே மெல்ல மின்னேற்றம் செய்தல் வேண்டும். கலங்களிடையே மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் சுற்றும் தேவை. மேலும், நேரடிப் பக்க இணைப்பில் பாட்டரி வற்றினால் மீமின்தேக்கியும் உடன் வற்றும். இதனைத் தவிர்க்க, கனரக வாகனங்களில் துவக்கி மோட்டாருக்கென மீமின்தேக்கியைத் தனியே பிரித்து வைத்து, மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றின் மூலம் அதற்கு மின்னேற்றம் செய்யும் முறை உண்டு. நலிந்த பாட்டரியும் அதனை நிரப்பிவிடும். எஞ்சினருகே நிலவும் மிகுவெப்பம் இரண்டின் ஆயுளையும் குறைக்கும் என்பதால், சமவெளிகளில் பொருத்தும் இடத்தைத் தேர்வதும் முக்கியம்.

இஸ்ரோவின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் கேரளத்தின் கண்ணூரில் கெல்ட்ரான் குழும நிறுவனம் 2024-இல் மீமின்தேக்கி உற்பத்தி நிலையத்தைத் தொடங்கியது. எல்லா வாகனங்களுக்கும் இச்சாதனம் தேவைப்படாது. குளிர்ப் பகுதிகளிலும், அடிக்கடி நின்று புறப்படும் வாகனங்களிலும், துவக்கம் தவறினால் உயிருக்கே இடர் நேரும் பணிகளிலும் இதன் கூடுதல் செலவு பொருளுடையதாகும்.