பனம்பழத்தை வீணாக்காது பயன்படுத்தும் முறைகள்

ஆவணியும் புரட்டாதியும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரருக்குச் செலவு மிகுந்து வரவு குறைந்த மாதங்களாகும். காலபோக நெற்செய்கைக்கு நிலத்தைப் பண்படுத்த வேண்டும். விதைநெல்லும் பசளையும் கொள்ள வேண்டும். சென்ற அறுவடையின் நெல்லோ கொம்பறையின் அடியைத் தொட்டிருக்கும். கிணற்று நீரை நம்பிய மரக்கறித் தோட்டங்களும் கோடையின் முடிவில் ஓய்ந்திருக்கும். இக்காலத்திலேதான் எவரும் நீர் பாய்ச்சாத, எவரும் பசளையிடாத பனைகள் வேலியோரங்களிலும் வெளிகளிலும் பழங்களை உதிர்க்கின்றன. இவற்றுட் பெரும்பகுதி மாடுகளுக்கு இரையாகின்றது. எஞ்சியது நிலத்திற் கிடந்து அழுகுகின்றது. ஒரு குடும்பத்துக்குப் பல மாதங்களுக்கு உதவக்கூடிய உணவு இவ்வாறு ஆண்டுதோறும் இழக்கப்படுகின்றது.

நல்லூரையும் அதனையடுத்த அரியாலை, திருநெல்வேலி முதலிய ஊர்களையும் சேர்ந்த குடும்பங்களுக்கு இது விருந்தினர் வரும் காலமுமாகும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாட் பெருவிழா ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி நடைபெறும். பனங்காய்ப் பணியாரத்தில் முட்டையோ பிற புலாலோ சேராமையால் விரத நாட்களிலும் அதனைச் செய்து உபசரித்தல் கூடும்.

மிகுந்த பழத்தைக் கெடாது காப்பாற்றுதல் எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவான வேலையாகும். நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைநிலங்களில் ஸ்ட்ரோபெரி என்னும் மென்பழம் விளைகின்றது. அது பறித்த சில நாட்களிற் பழுதாகிவிடும். ஆதலால் அப்பழம் விளையும் நாடுகளில் உண்டது போக எஞ்சியதைச் சீனியுடன் காய்ச்சி ஜாம் ஆக்குவர். மாவுடன் கூட்டிக் கேக் சுடுவர். குடாநாட்டின் வெப்பத்துக்கு ஸ்ட்ரோபெரி ஏற்றதன்று. ஆயினும் அம்முறைகள் பனம்பழத்துக்கும் பொருந்துவன. வங்காளத்தில் ஆவணியில் வரும் கிருஷ்ண ஜெயந்திக்குப் பனங்களியில் வடை செய்து படைக்கின்றனர். தாய்லாந்தில் அரிசி மாவுடன் பனங்களியைக் கலந்து ஆவியில் அவித்து விற்கின்றனர். யாழ்ப்பாணத்தாருக்கோ பணியாரமும் பனாட்டும் முன்னோர் விட்டுச்சென்ற செல்வங்களாகும்.

பழத்தின் இயல்பு

பனம்பழத்தின் வெளித்தோல் கருமையானது. அதன் உள்ளே தும்புகளும், அத்தும்புகளிடையே மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமான களியும் உள்ளன. நடுவே பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். களியின் நிறம் கரொட்டீன் இனப் பொருள்களால் உண்டாவது. இவற்றுட் சில உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறிக் கண்பார்வைக்கு உதவும். களியில் பெக்டின் என்னும் பொருளும் உண்டு. ஜாமை இறுகச் செய்வது இதுவே.

களியில் ஒருவகைக் கசப்பும் இருக்கும். ஃபிளபெலிபெரின் எனப்படும் சப்போனின் வகைப் பொருளே இதற்குக் காரணம். இக்கசப்பு மரத்துக்கு மரம் வேறுபடும். ஆகவே கமக்காரர் தம் காணியிலுள்ள ஒவ்வொரு பெண்பனையின் பழத்தையும் ஒருமுறை சுவைத்துப் பார்த்துக் கசப்புக் குறைந்த மரங்களை அடையாளமிட்டு வைத்தல் நன்று. பணியாரத்துக்கும் ஜாமுக்கும் இம்மரங்களின் பழமே உகந்தது.

பழம் பொறுக்குதல்

பழங்களை நாள்தோறும் விடியற்காலையிற் பொறுக்குதல் வேண்டும். ஒரு நாளுக்கு மேல் நிலத்திற் கிடந்த பழத்தில் வண்டும் புழுவும் சேரும். களி புளிக்கத் தொடங்கும். வெடித்தவற்றையும் புளித்த மணமுடையவற்றையும் விலக்குக. காற்று வீசும் வேளையில் மரத்தின்கீழ் நிற்றலும் சிறுவரை அங்கே அனுப்புதலும் ஆகா. உயரத்திலிருந்து விழும் பழம் உயிருக்கு ஆபத்தானது.

களி பிழிதல்

பழத்தைக் கழுவி, மூளையும் வெளித்தோலையும் நீக்குக. தணலில் வாட்டிய பழத்தின் தோல் இலகுவில் உரியும்; களியும் இளகும். பின்பு கொட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, அகன்ற பாத்திரத்தில் இட்டு, கொதித்தாறிய நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் கையாற் பிசைந்து பிழிக. நீரை மிகுதியாக வார்த்தால் வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் அந்நீரைப் பின்னர் விறகு செலவிட்டு வற்றச் செய்ய நேரும். பிழிந்த களியைத் துப்புரவான துணியில் வடித்துத் தும்பை அகற்றுக. தும்பு நின்றால் பணியாரம் நாவில் உறுத்தும்.

வடித்த களியை அன்றே காய்ச்சுதல் வேண்டும். பச்சைக்களியை இரவு முழுவதும் வைத்தால் அது புளித்து நுரைத்துவிடும்.

பனங்காய்ப் பணியாரம்

வேண்டியவை: வடித்த களி 2 சுண்டு, சீனி 1 சுண்டு, கோதுமை மாவும் வறுத்த அரிசி மாவும் சம அளவாகக் கலந்தது ஏறக்குறைய 2 சுண்டு, உப்பு அளவுக்கு, பொரிப்பதற்குத் தேங்காயெண்ணெய். சீனிக்குப் பதிலாகத் தூளாக்கிய பனங்கட்டியையும் சேர்க்கலாம்.

களியையும் சீனியையும் உப்பையும் அடி தடித்த பாத்திரத்தில் இட்டு, மெல்லிய தீயில் அகப்பையால் இடைவிடாது கிளறுக. பச்சை மணம் நீங்கி, களி தடித்து, அகப்பையிலிருந்து கட்டியாக விழும் பதத்தில் இறக்கி நன்கு ஆறவிடுக. ஆறிய பின்னரே மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசைதல் வேண்டும். சூட்டில் மாவை இட்டால் அது கட்டிபட்டுப் பணியாரம் வன்மையாகும். கையில் ஒட்டியும் ஒட்டாமலும், விரல் நுனியாற் கிள்ளியிடத்தக்க பதமே சரியான பதம். களியின் தடிப்பு வேறுபடுமாதலால் மாவின் அளவும் சிறிது கூடிக் குறையும்.

தாச்சியில் எண்ணெயைக் காயவைத்து, ஒரு சிறு துண்டை இட்டுப் பார்க்க. அது உடனே மேலெழுந்தால் எண்ணெய் தக்க சூட்டில் உள்ளது. பின்பு சிறு சிறு உருண்டைகளாகக் கிள்ளியிட்டு, நடுத்தரத் தீயில் புரட்டிப் புரட்டிக் கபில நிறம் வரும்வரை பொரித்து வடித்தெடுக்க.

பணியாரம் பிழைப்பதற்குரிய காரணங்கள் சிலவே. எண்ணெய் காயாதிருந்தால் பணியாரம் எண்ணெயை உறிஞ்சும். தீ மிகுந்தால் வெளிப்புறம் கருகி உள்ளே வேகாது. சீனி மிகுந்தால் எண்ணெயிற் கரைந்து பிரியும். களி வற்றாதிருந்தால் மா அளவுக்கு மேல் செலவாகிப் பனஞ்சுவை மறைந்துபோகும். நன்கு ஆறிய பணியாரத்தைக் காற்றுப் புகாத தகரத்தில் மூடி வைத்தால் சில நாட்கள் இருக்கும். மறுநாள் அதன் சுவை கூடும். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பனாட்டு

பேச்சுவழக்கில் பினாட்டு எனப்படும் இது, களியை வெயிலில் உலர்த்திப் பெறும் பண்டமாகும். இதற்குச் சீனியும் வேண்டா, விறகும் வேண்டா. வெயிலும் உழைப்புமே முதல். மழை தொடங்கு முன் இவ்வேலை முடிதல் வேண்டும்.

நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய பந்தலில் துப்புரவான பனையோலைப் பாயை விரித்து, வடித்த களியை மெல்லிய படையாகப் பரப்புக. முதற்படை காய்ந்த பின் மறுநாட் களியை அதன்மேல் பரப்புக. இவ்வாறு பல நாட்கள் படைமேற் படையாக உலர்த்தினால் தடித்த தட்டுக் கிடைக்கும். ஈயும் தூசியும் படாதவாறு மெல்லிய துணியால் மறைத்தலும், பனி படாதவாறு மாலையில் மூடுதலும் அவசியம். ஒரு படை முற்றாக உலராதபோது அடுத்ததை ஊற்றுதல் பெரும் பிழை. உள்ளே நின்ற ஈரம் தட்டு முழுவதையும் பழுதாக்கும்.

உலர்ந்த பனாட்டை உரித்து, துண்டுகளாக வெட்டி, ஓலைப்பெட்டியில் அடுக்கி அடுப்புப் புகை படும் உலர்ந்த இடத்தில் வைப்பது பழைய வழக்கம். காற்றுப் புகாத தகரமும் ஏற்றதே. பனாட்டைப் பனம்பாணியில் ஊறவைத்தால் அது பாணிப்பனாட்டு ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறுமாதலால் அடிக்கடி பார்த்து வருதல் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டு உண்ணுதல் தகாது. பூஞ்சணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரியாத பகுதிக்கும் பரவியிருக்கலாம். அதனை எறிந்துவிடுக.

பனம்பழ ஜாம்

வேண்டியவை: வடித்த களி 1 கிலோ, சீனி 1 கிலோ, தேசிக்காய்ச் சாறு 4 மேசைக்கரண்டி.

பனங்களியில் இயல்பான புளிப்புக் குறைவு. பெக்டின் இறுகுவதற்குப் புளிப்பு இன்றியமையாதது. ஆதலால் தேசிக்காய்ச் சாற்றைச் சுவைக்காகச் சேர்ப்பது என எண்ணி விட்டுவிடலாகாது. சீனியின் அளவைக் குறைத்தலும் அவ்வாறே தகாது. முடிந்த ஜாமின் நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீனியாக இருந்தால், அதிலுள்ள நீர் பூஞ்சணங்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் பயன்படாது போகும். ஜாம் பல மாதங்கள் கெடாதிருப்பதன் காரணம் இதுவே.

களியை முதலிற் கொதிக்கவைத்துச் சீனியைச் சேர்த்துக் கரைக்க. இடைவிடாது கிளறுக. தடித்த களி குமிழியிட்டுத் தெறிக்குமாதலால் நீண்ட காம்புடைய அகப்பையைப் பயன்படுத்துக. சிறுவரை அடுப்பருகே விடாதீர். கலவை தடித்து வரும்போது தேசிக்காய்ச் சாற்றைச் சேர்த்து மேலும் காய்ச்சுக. வெப்பமானி உள்ளவர்கள் 105 பாகை செல்சியசில் இறக்கலாம். இல்லாதவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு துளி இட்டு ஆறவிட்டு விரலால் தள்ளிப் பார்க்க. அது நீராக ஓடாது திரைந்து நின்றால் பதமாயிற்று. 15 நிமிடம் நீரிற் கொதிக்கவைத்து எடுத்த போத்தல்களில் சூட்டோடு நிரப்பி உடனே மூடுக. திறந்த போத்தலில் ஈரக்கரண்டியை இடலாகாது.

பனங்களிக் கேக்

வேண்டியவை: கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, மாஜரீன் 150 கிராம், சீனி 200 கிராம், முட்டை 3, காய்ச்சித் தடிப்பாக்கி ஆறிய களி 200 கிராம், உப்பு ஒரு சிட்டிகை.

மாஜரீனையும் சீனியையும் வெண்மையாகும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடிக்க. பின் களியைக் கலக்குக. மாவையும் பேக்கிங் பவுடரையும் உப்பையும் சேர்த்து அரித்து, மூன்று தடவையாக மெதுவே கலக்குக. களியில் ஈரம் உண்டாதலால் பாலோ நீரோ வேண்டியதில்லை. எண்ணெய் பூசி மா தூவிய தட்டில் இட்டு, 180 பாகைச் சூட்டில் 45 நிமிட அளவில் சுட்டெடுக்க. நடுவே குத்திய ஈர்க்கு ஒட்டாது வந்தால் வெந்தது எனக் கொள்க.

மின்னடுப்பு இல்லாத வீட்டிலும் இது கூடும். தடித்த பெரிய பாத்திரத்தில் 3 சென்றிமீற்றர் உயரத்துக்கு உலர்ந்த மணலைப் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குக. கேக் தட்டை மணலின்மேல் வைத்து மூடி, மூடியின்மேல் தணல் இடுக. அடித்தீ மெல்லியதாக இருத்தல் வேண்டும். முதல் அரை மணித்தியாலத்தில் மூடியைத் திறந்தால் கேக் அமிழ்ந்துவிடும்.

கொட்டையை எறியாதிருத்தல்

களி பிழிந்த கொட்டை கழிவுப்பொருள் அன்று. அவற்றைக் குவித்து வைத்து, மாரிமழைக்கு முன் மண்ணை உயர்த்தி அமைத்த பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண்ணால் மூடுக. மூன்று நான்கு மாதங்களில் பனங்கிழங்கு விளையும். பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மா கூழுக்கும் பிட்டுக்கும் ஆகும். எஞ்சும் ஊமல் எரிபொருளாகும். இவ்வாறு ஒரே பழம் ஆவணியிற் பணியாரமாகவும், மாரியிற் பனாட்டாகவும், தையிற் கிழங்காகவும் வீட்டுக்கு உதவுகின்றது.

ஒவ்வொரு குடும்பமும் சில கொட்டைகளையேனும் காணியின் எல்லையில் 3 மீற்றர் இடைவெளியில் நேரடியாக ஊன்றுதல் வேண்டும். பனையின் முதல் முளை மண்ணுள் ஆழமாக இறங்குவதால் கன்றைப் பெயர்த்து நடுதல் கடினம். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் வடபகுதியின் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. பனைவளத்தைப் பேணுவதற்கென 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. ஆயினும் ஒரு சபையின் முயற்சியால் மட்டும் இழந்த மரங்கள் மீளா. ஊன்றிய கொட்டை காய்ப்பதற்கு ஏறக்குறைய 15 ஆண்டுகள் செல்லும். இன்று தாமதித்தால் அந்தத் தாமதத்தின் பயனைப் பிள்ளைகளே அனுபவிப்பர்.

ஆதலின், பழத்தைக் காலையிற் பொறுக்குக, அன்றே பிழிக, அன்றே காய்ச்சுக அல்லது உலர்த்துக, கொட்டையை மண்ணுக்குக் கொடுக்க. இந்நான்கையும் கைக்கொள்ளும் குடும்பத்துக்குப் புரட்டாதி மாதம் பஞ்ச மாதமாக இராது.